பெரியாஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம்?

நன்னூலைக் காண்டிகையுரையோடு கற்ற பழைய மாணவர் யாழ்ப்பாணத்தில் இன்றும் உளர். ஆறுமுக நாவலர் எழுதிய அவ்வுரை பல தலைமுறையாக எங்கள் திண்ணைகளிலும் பாடசாலைகளிலும் பாடமாயிருந்தது. அந்நூலின் பெயரியலிலே பேட்டினைப் பற்றி ஒரு சூத்திரம் வரும். ஆசிரியர் அதனை விரைந்து கடப்பதும், பின்வரிசை மாணவர் ஒருவரையொருவர் பார்த்து நகைப்பதும் வழக்கம். நிதானமாகப் படிப்பவர்க்கோ அச்சூத்திரம் வியப்பூட்டும். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவியவரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவியவரைப் பெண்பாலாகவும் கொள்ளுமாறு பவணந்தி முனிவர் விதிக்கின்றார். 13ஆம் நூற்றாண்டிலே ஓர் இலக்கண ஆசிரியர், இத்தகையோரின் பாலைத் துணிவதற்கு 'அவாவுதல்' என்னும் வினையை அளவுகோலாக வைத்தார் என்பது சிறு செய்தியா?

அவருக்கு மிக முந்திய தொல்காப்பியரும் இவர்களை மறந்தாரல்லர். கிளவியாக்கத்திலே, ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஒரே சூத்திரத்தில் அருகருகே வைத்து, இவற்றுக்கெனத் தனி ஈறு இல்லை, உயர்திணைக்குரிய ஈறுகளையே கொள்ளும் என்றார். பிறிதோரிடத்தில், அப்பெயர் ஆண்பாற் சொல்லைக் கொண்டு முடிதற்கு இடமில்லை எனவும் விலக்கினார். உள்ளதை மறையாது சொல்வதாயின், அஃறிணை போல் வருதலும் உண்டு எனப் பவணந்தியார் ஒரு புறவழியையும் விட்டுவைத்தார். நம் சமூகம் முன்வாசலை அடைத்துவிட்டு, அப்புறவழியையே இராசபாட்டை ஆக்கிக்கொண்டது. 'அது', 'இது' என்று தெருவிலே ஒருவரைச் சுட்டும்போது நாம் கையாளுவது அந்த விதிவிலக்கையே.

இலக்கண விசாரத்தோடு தொடங்கியதற்குக் காரணம் உண்டு. ஒருவரை எப்பாலால் எழுதுவது என்னும் வினா இன்று ஏட்டுச்சுவடியை விட்டுப் புறப்பட்டு, அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக் வாசலில் வந்து நிற்கின்றது.

2016ஆம் ஆண்டிலே இலங்கைச் சுகாதார அமைச்சு ஒரு சுற்றுநிருபத்தை வெளியிட்டது. பிறப்பின்போது பதியப்பட்ட பாலுக்கு மாறான பாலினராகத் தம்மை உணர்ந்து வாழ்வோர்க்கு, அதாவது இன்று 'திருநர்' என்று நாம் வழங்கும் மக்களுக்கு, 'பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ்' அளிக்கும் முறையை அது வகுத்தது. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் முயற்சியும் அதன் பின்னணியில் இருந்தது. 16 வயதைக் கடந்த ஒருவர் உளமருத்துவ நிபுணர் ஒருவரிடம் செல்லல் வேண்டும். நிபுணர் அவரைச் சந்தித்து உசாவி, ஓமோன் சிகிச்சைக்கும் வேண்டிய சத்திரசிகிச்சைக்கும் வழிப்படுத்துவார். அவர் தாம் உணர்ந்த பாலினராகச் சமூகத்திலே வாழத் தலைப்பட்டதையும் கவனத்திற்கொண்டு, சான்றிதழிலே கையொப்பமிடுவார். அதனைக் கொண்டே பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் திருத்தப்படும். அடையாள அட்டை, கடவுச்சீட்டு முதலியன அதனைத் தொடர்ந்து வரும்.

இவ்வேற்பாட்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையும், 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் பற்றிய கட்டளைச் சட்டமும் இம்மக்களுக்கு நூறாண்டுக்கு மேலாக ஊட்டிய அச்சத்தை அறிந்தவர்க்கு, அரசாங்கத் தாள் ஒன்றில் இவர்களுக்கும் ஓரிடம் பிறந்தது பெரிய காரியமாகவே தோன்றும். ஆனால் அவ்வேற்பாட்டின் அமைப்பை உற்றுநோக்குக. பெயரும் பாலும் திருத்தம் பெறுவதற்கு முதற்படி பதிவாளர் கந்தோரில் இல்லை, வைத்தியசாலையில் இருக்கின்றது. இந்தியாவிலே 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஒருவர் தம் பாலைத் தாமே துணியும் உரிமையை ஒப்புக்கொண்டது. இலங்கையின் ஏற்பாடோ வைத்தியர் வாயிலாக நடப்பது. எது சிறந்தது என்பது வேறு விவாதம். நாம் ஈண்டு வற்புறுத்த விரும்புவது ஒன்றே: ஒரு பிரசையின் பெயரைத் திருத்துவதற்கு வைத்தியரின் கையொப்பம் வேண்டும் என்று அரசாங்கம் விதித்தால், அந்த வைத்தியரை எந்த மாவட்டத்துப் பிரசையும் சென்று காணத்தக்கதாக வைப்பது அரசாங்கத்தின் கடமை. அது சலுகையோ, கருணையோ ஆகாது. வாசலை ஒன்றாக அமைத்துவிட்டு, அவ்வாசலைத் தூரத்தில் வைப்பது நியாயமா?

அடையாளத் தாளின் பெறுமதியை யாழ்ப்பாணத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. சோதனைச் சாவடியிலே அட்டையை நீட்டிவிட்டு, எதிரே நிற்பவன் முகத்தையும் படத்தையும் மாறிமாறிப் பார்க்கும் அந்தச் சில விநாடிகளை அறியாத குடும்பம் இக்குடாநாட்டில் அரிது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில், அரியாலையை ஊடறுத்துச் செல்லும் கண்டி வீதி வழியாக நாவற்குழியை நோக்கிப் பல இலட்சம் மக்கள் நடந்த இரவில், நகையை விட்டுவந்தோர் உளர். பிறப்புப் பத்திரத்தை மடியிற் கட்டாது வந்தோர் குறைவு. முகம் ஒன்றாகவும் அட்டை வேறாகவும் இருக்கும் ஒருவர் வங்கியிலும், பரீட்சை மண்டபத்திலும், வேலை கேட்டுப் போகும் இடத்திலும் நாள்தோறும் அந்த விநாடிகளைக் கழிக்கின்றார். இதனை உணர்தற்கு நமக்குக் கற்பனை வேண்டா, ஞாபகமே போதும்.

அரியாலையிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, அதாவது எங்கள் சனங்கள் 'பெரியாஸ்பத்திரி' என்று சொல்லுமிடம், நாலைந்து கிலோமீற்றருக்கு உட்பட்டது. புங்கன்குளத்தைக் கடந்து சைக்கிளிற் போனால் அரைமணி நேரமும் செல்லாது. தோட்டக்காரரும், ஆசிரியரும், கடற்கரைப் பக்கத்து மீனவரும் காய்ச்சலுக்கும் நீரிழிவுக்கும் அங்கேதான் போகின்றனர். அரசாங்க வைத்தியசாலைகளில் 1951ஆம் ஆண்டு கட்டணம் நீங்கியபின், எழுபதுகளிற் சில காலம் 25 சதம் அறவிட்டதை நீக்கிப் பார்த்தால், ஏழையும் செல்வரும் ஒரே வாங்கிலே இருந்து முறை பார்ப்பது இந்நாட்டின் நல்ல வழக்கங்களுள் ஒன்று.

அந்த வாங்குதான் ஒரு திருநங்கைக்கோ திருநம்பிக்கோ தூரத்தை உண்டாக்குகின்றது. கிளினிக் கொப்பியை மேசையில் அடுக்கியாயிற்று. உள்ளிருந்து ஒருவர் வந்து பெயரை உரத்துக் கூப்பிடுகின்றார். அது கொப்பியில் உள்ள பெயர்; பிறந்தபோது வைத்த பெயர். எழுந்து நிற்பவரோ அப்பெயருக்குப் பொருந்தாத தோற்றத்தினர். வாங்கு முழுவதும் திரும்பிப் பார்க்கின்றது. அவ்வாங்கிலே யார் இருப்பர்? அடுத்த வளவு மாமி, பழைய வகுப்பாசிரியர், ஒன்றுவிட்ட அண்ணருடைய பெண்சாதி. யாழ்ப்பாணம் சிறிய இடம். ஒருவர் மருந்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவதற்கு முன்னே செய்தி ஊரிலே இறங்கிவிடும். உளநலப் பிரிவின் வாசலிலே ஒருவரைக் கண்டால், அதற்கே ஒரு கதை கட்டும் சமூகம் இது. இச்செய்திக்கு எத்தனை கதை கட்டும்! ஆதலால், அருகில் இருக்கும் வைத்தியசாலையே அணுக முடியாத இடமாகின்றது.

அப்படியாயின் கொழும்புக்குப் போகலாமே என்பர். பலர் போயும் இருக்கின்றனர். இத்துறையிலே பழக்கமுள்ள வைத்தியர்கள் பெரும்பாலும் தலைநகரையும் அதன் சுற்றயலையும் சார்ந்தே இருந்து வந்திருக்கின்றனர். அங்கே மாமியும் இல்லை, வகுப்பாசிரியரும் இல்லை. ஆனால் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் இரவு பஸ்ஸிலே போய், காலையில் முகங்கழுவ இடந்தேடி, கிளினிக்கிலே காத்திருந்து, அன்றிரவே திரும்புவதற்கு இரண்டு நாட் கூலி போய்விடும். இஃது ஒருமுறையோடு முடிவதுமில்லை. ஓமோன் சிகிச்சை பெறுபவர், முதலாண்டிலே சில மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனைக்கும் மருந்தின் அளவைத் திருத்துவதற்கும் செல்லல் வேண்டும். பின்னரும் ஆண்டுதோறும் கண்காணிப்பு வேண்டும். வீட்டிலே ஒவ்வொரு முறையும் ஒரு பொய் சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டியவராயின், அச்செலவைப் பணத்தால் மட்டும் கணக்கிட முடியாது.

பணத்தினும் பெரிய தடை ஒன்று உண்டு. இலக்கியப் பகுதியின் வாசகர்கள் அதனையே முதலிற் சிந்தித்தல் வேண்டும் என்பது எம் விருப்பம். நீரிழிவுக்கு இரத்தத்தைச் சோதிக்கலாம். எலும்பு முறிவுக்குப் படம் எடுக்கலாம். ஒருவர் தம்மை ஆணென்றோ பெண்ணென்றோ உள்ளத்தே உணர்வதை அறிவதற்கு அத்தகைய கருவி ஒன்றும் இல்லை. வைத்தியருக்குக் கிடைப்பது நோயாளியின் பேச்சு ஒன்றே. எத்தனை வயதில் இவ்வுணர்வு தோன்றியது, பள்ளிச் சீருடையை அணிந்தபோது என்ன நினைத்தார், குரல் உடைந்த நாளில் அல்லது முதற் பூப்பின்போது என்ன நேர்ந்தது, கண்ணாடியை ஏன் வெறுத்தார்: இவற்றையெல்லாம் அவர் சொல்ல வேண்டும். தாய்மொழியிலேயே நாக்கு எழாத இச்செய்திகளைத் தெரியாத மொழியிலோ, மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நடுவே இருத்தியோ எப்படிச் சொல்வது? 'வயிற்றிலே நோகுது' என்பதை மொழிபெயர்க்கலாம். 'அந்தப் பெயரால் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் நான் இல்லாமற் போகிறேன்' என்று ஒருவர் யாழ்ப்பாணத் தமிழிலே தயங்கித் தயங்கிச் சொல்வதை மூன்றாமவர் ஒருவர் இரண்டு சொல்லிற் சுருக்கிவிட்டால், வைத்தியர் கேட்டது யாருடைய வாக்குமூலம்? இச்சிகிச்சையிலே மொழியே சோதனைக் கருவி. கருவி பழுதாயிருப்பின் முடிவும் பழுதாகும்.

வைத்தியத்தைத் தமிழிலே நடத்த முடியும் என்பதை யாழ்ப்பாணம் உலகுக்குக் காட்டி ஒன்றரை நூற்றாண்டு ஆகின்றது. 1847ஆம் ஆண்டு இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்தி, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழ் மாணவர்க்குக் கற்பித்தார். அறுபதுகளிலிருந்து தமிழிலேயே கற்பித்தார். உடலியலும் இரணவைத்தியமும் பிறவும் தமிழ் நூல்களாக வெளிவந்தன. உடம்பின் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் சொல் தேடி, வடமொழியையும் வழக்கு மொழியையும் துழாவி, இல்லாத இடத்திற் புதிதாக ஆக்கி அவரும் அவர்தம் மாணாக்கரும் உழைத்தனர். அவ்வுழைப்பு நின்ற இடத்திலே நாம் நிற்கின்றோம். இன்று இத்துறையிலே வழங்கும் தமிழ்ச் சொற்களை எண்ணிப் பார்க்கின், தெருவிலே வீசும் வசைச் சொற்கள் ஒரு டசின் கிடைக்கும். மேசையின் இருபுறத்தும் இருவர் மதிப்போடு பேசத்தக்க சொற்கள் சிலவே உள. 'திருநங்கை', 'திருநம்பி', 'திருநர்' என்பன தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கும் ஊன்றிவிட்டன. 'பால்நிலை' இலங்கைத் தமிழர் பழக்கத்திற்கொண்ட சொல். இவற்றுக்கு மேலே, சிகிச்சையின் படிகளையும் அவற்றின் பயனையும் இடரையும் ஒரு தோட்டத் தொழிலாளிக்கும் விளங்க எழுதிய நாலு பக்கத் தமிழ்க் கைந்நூல் எங்கள் வைத்தியர்களும் தமிழாசிரியர்களும் சேர்ந்திருந்து எழுதத்தக்கதே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடம் 1978ஆம் ஆண்டு தொடங்கியது. அதன் கூடத்திலே ஒரு மாலைப்பொழுது இருந்தால் இக்காரியத்தைத் தொடங்கிவிடலாம்.

சிகிச்சைதான் யாது? பலர் சத்திரசிகிச்சை ஒன்றையே நினைத்துக்கொள்கின்றனர். உண்மையில் அது கடைசிப் படி. எல்லாரும் அதனை நாடுவதும் இல்லை. சிலர்க்கு உளவளத்துணையும் வீட்டாரின் அங்கீகாரமுமே பெரும்பகுதி நோவைத் தீர்க்கும். ஓமோன் சிகிச்சையை நாடுவோரில் திருநங்கையர்க்கு ஈஸ்திரோஜனும், ஆண் ஓமோனை அடக்கும் மருந்தும் அளிப்பர். திருநம்பியர்க்குத் தெஸ்தோஸ்தெரோன் ஊசி. இவை புதுமையான மருந்துகள் அல்ல. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், சுரப்புக் குறைந்த ஆண்களுக்கும் இதே மருந்துகளை வைத்தியர்கள் நெடுங்காலமாக எழுதி வருகின்றனர். மாற்றம் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். அவற்றுட் சில மீளாதவை: தெஸ்தோஸ்தெரோனால் தடித்த குரல் மருந்தை நிறுத்தினாலும் பழைய குரலாகாது, மகப்பேற்றுக்குரிய ஆற்றலும் குன்றலாம். இவற்றைத் தொடக்கத்திலேயே விளக்கி, ஆறுதலாகச் சிந்திக்க இடம் விடுவதும் சிகிச்சையின் பகுதியே.

கிளினிக் வாசல் அடைபட்டால் ஒருவர் இச்சிகிச்சையை விட்டுவிடுவார் என்று நினைப்பது பேதைமை. அவர் மருந்துக்கடைக்குப் போவார். கேள்விப்பட்ட கருத்தடை மாத்திரையை, ஒன்றுக்கு மூன்றாக விழுங்குவார். அவற்றிலுள்ள ஈஸ்திரோஜன் வகை மிகுந்தால் காலின் நாளத்திலே இரத்தம் உறையக்கூடும். அவ்வுறைவு நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து. புகைப்பவராயின் ஆபத்து இன்னும் பெரிது. ஆண் ஓமோனை அடக்குவதற்கு வழங்கும் மருந்தொன்று இரத்தத்திலே பொற்றாசியத்தை ஏற்றும். தெஸ்தோஸ்தெரோன் மிகின் இரத்தம் தடிக்கும். இவை அனைத்தையும் மலிவான இரத்தப் பரிசோதனைகளால் முன்னறிந்து தவிர்க்கலாம். ஆகவே கிளினிக் இருத்தல் ஆபத்தை உண்டாக்குகின்றது என்போர், கிளினிக் இல்லாத இடத்திலே நடப்பதை ஒருமுறை விசாரித்தல் நன்று.

தமிழ்நாடு இதனை நெடுங்காலம் அனுபவித்து அறிந்தது. அரசாங்க வாசல் அடைபட்டிருந்த காலத்திலே பலர் மறைவிடங்களில், தகுதியில்லாதார் கையிலோ, பணமே குறியான இடங்களிலோ தம் உடம்பை ஒப்புவித்தனர். லிவிங் ஸ்மைல் வித்யா எழுதி 2007இல் வெளிவந்த 'நான் வித்யா'வும், ரேவதியின் 'வெள்ளை மொழி'யும் தமிழ்த் தன்வரலாற்று இலக்கியத்திலே தனியிடம் பெற்றமைக்கு, அந்த வேதனையைத் தற்புகழ்ச்சியோ தன்னிரக்கமோ இன்றிச் சொன்னமை ஒரு காரணம். அவற்றை வாசித்த ஒருவர் இப்பொருளைப் பற்றி முன்போலப் பேச முடியாது. பாடசாலை நூலகங்களில் அவற்றுக்கு இடமுண்டா என்று அதிபர்மாரைக் கேட்கத் தோன்றுகின்றது. 2008ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு இம்மக்களுக்கென ஒரு நலவாரியத்தை அமைத்தது. அரசு மருத்துவமனைகளிலே அறுவைச் சிகிச்சை கட்டணமின்றிச் செய்யப்படலாயிற்று. பின்னர் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் இவர்களுக்கெனத் தனிக் கிளினிக்குகள் தோன்றின. 2019ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் இச்சிகிச்சைக்கு வசதி செய்வதை அரசுகளின் கடமையாகவே எழுதியது. அங்கே எல்லாம் செம்மையாக நடக்கின்றதென நாம் சொல்ல வரவில்லை. காத்திருப்பு நீண்டதென்றும், அலட்சியம் உண்டென்றும் முறைப்பாடுகள் எழுந்தன. ஆயினும் முறைப்பாடு செய்வதற்கு ஒரு கிளினிக் இருக்கின்றது. நம்மவர்க்கு முதலில் அந்தப் பாக்கியம் வேண்டும்.

மறுப்போரின் வாதங்களையும் கேட்போம். முதலாவது, 'இது மேனாட்டு நாகரிகம்' என்பது. தொல்காப்பியமும் நன்னூலும் எந்த மேனாட்டிலே எழுதப்பட்டன என்று அவர்களே சொல்லட்டும். மாதவி ஆடிய பதினோர் ஆடலுள் பேடியாடலும் ஒன்றென்பதைச் சிலப்பதிகாரம் படித்த மாணவர் அறிவர். நம்மூர் இசைநாடக மேடையிலே ஆண்கள் பெண்வேடந் தாங்கி வந்தபோது விடியும்வரை இருந்து கண்ணீர் விட்ட சமூகம் நம்முடையது. வேடம் வேறு, ஒருவரது வாழ்வு வேறு என்பது மெய். வேடத்துக்கு மாலை போட்ட கை, அவ்வாழ்வே உண்மையாகக் கொண்டவர்மேல் கல்லெறிவதுதான் விளங்கவில்லை.

இரண்டாவது, 'கலியாணம் கட்டி வைத்தாற் சரியாகும். பேய் பிடித்திருக்கும், கழிப்புக் கழித்தால் தீரும்' என்பது. இவ்வைத்தியங்கள் ஒருவரைக் கெடுத்ததுமன்றி, அவரோடு கட்டிவைக்கப்பட்ட இன்னொருவரின் வாழ்வையும் சேர்த்துக் கெடுத்த கதைகள் கிராமத்துக்கு ஒன்றேனும் உண்டு. இத்தகைய 'மாற்றும்' முயற்சிகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு யூனிலே கட்டளை பிறப்பித்தது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலிலே, இந்நிலை மனநோய்ப் பகுதியிலிருந்து நீக்கப்பட்டுப் பாலியல் நலம் சார்ந்த பகுதிக்கு மாற்றப்பட்டது. இலங்கையிலே உளமருத்துவரே வாசல்காப்பாளராக இருப்பதால், இம்மாற்றத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கின்றது. உளமருத்துவர் முன்னே ஒருவர் இருப்பது அவருக்குப் பைத்தியம் என்பதற்காக அன்று.

மூன்றாவது வாதம் மதிப்போடு கேட்கத்தக்கது. '2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே சாதாரண மருந்துக்கே தட்டுப்பாடு வந்த நாடு இது. புற்றுநோயாளர் காத்திருக்க, சிலருக்காகப் புதிய கிளினிக்கா?' என்பர். புதிய கட்டடம் ஒன்றையும் நாம் கேட்கவில்லை. உளமருத்துவம், அகஞ்சுரப்பியல், பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை ஆகிய துறைகள் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் புதியன அல்ல. இரத்தப் பரிசோதனைக் கூடம் அங்கே உண்டு. மருந்துகளும் பிற நோயாளர்க்கு எழுதப்படுவனவே. இல்லாதது இவற்றை ஒரு நூலிற் கோத்து, இன்ன நாளில், இன்ன அறையில், இன்னாரைக் காணலாம் என்று வெளிப்படையாகச் சொல்லும் ஓர் ஒழுங்கு. ஒரு துறையிலிருந்து மறு துறைக்கு அனுப்பும்போது நோயாளி ஒவ்வொரு வாசலிலும் தம் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லி அவமானப்படாதபடி, ஒரு கடிதமும் ஒரு பொறுப்பாளரும் போதும். திருநர் தாமே கூடி இயங்கும் அமைப்புகள் யாழ்ப்பாணத்தில் தோன்றியுள்ளன. எந்த நாள் வசதி, எவ்விடத்திலே தயக்கம் உண்டாகின்றது என்பன பற்றி அவர்களோடு ஒருமுறை இருந்து பேசினால், அதிகாரிகளுக்குப் பல மாத ஆராய்ச்சி மிச்சமாகும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. 16 வயதிலே ஒருவர் வைத்தியரிடம் செல்லலாம் என்று சுற்றுநிருபம் சொல்கின்றது. அவ்வயதிலே அவர் சாதாரண தரப் பரீட்சை எழுதும் மாணவர். அவர் முதலில் ஏறும் படி வைத்தியசாலையின் படியாக இராது. அவர் நம்பும் ஓர் ஆசிரியரின் முகமாக இருக்கும். ஆசிரியர் வைத்தியராக வேண்டா. வகுப்பிலே எழும் நகைப்பை அடக்கவும், 'உன்னைப் போன்றோர் வேறும் உளர். பெரியாஸ்பத்திரியிலே இதற்கு வைத்தியர் இருக்கிறார். பயப்படாதே' என்று தனியே சொல்லவும் தெரிந்தாற் போதும். ஆனால் அவ்வாக்கியத்தின் நடுப்பகுதியை அவர் தயங்காமற் சொல்லக்கூடியவாறு வைத்தியசாலை தன் பங்கைச் செய்தல் வேண்டும். நன்னூலின் அச்சூத்திரத்தை இனிக் கற்பிக்கும்போது விரைந்து கடந்துவிடாமல், 'அவாவுதல்' என்ற சொல்லிலே ஒரு நிமிடம் தரித்து நின்றால், பின்வரிசையில் நகையாதிருந்த மாணவர் ஒருவர்க்கு அது போய்ச் சேரும்.

சுகாதாரத் திணைக்களத்தார் முன் நாம் வைக்கும் விண்ணப்பம் சிறியது. வாரத்தில் அன்றேல் மாதத்தில் ஒரு நாள் மாலையைக் குறித்து ஒதுக்குக. அந்நாளிலே தமிழிலே பேசிக் கேட்கும் உளமருத்துவரும், அகஞ்சுரப்பியல் வைத்தியரும், உளவளத்துணையாளர் ஒருவரும் ஒரே இடத்தில் இருக்கட்டும். அறைக்கு வெளியே பெயர்ப்பலகை பொதுவானதாக இருக்கட்டும். கிளினிக் கொப்பியிலே பதிவுப் பெயரின் பக்கத்தில், அழைக்க வேண்டிய பெயருக்கும் ஒரு கோடு விடுக. சான்றிதழ் கிடைத்து அத்தாட்சிப் பத்திரம் திருந்தும்வரை அக்கோட்டிலுள்ள பெயரே தாதியர்க்கும் சிற்றூழியர்க்கும் போதுமானது. அதுவும் இப்போதைக்கு இயலாதாயின், பெயரை விட்டு இலக்கத்தைக் கூப்பிடுக. மருந்து கொடுக்கும் யன்னலிலே பல காலமாகத் துண்டுகொடுத்து இலக்கத்தால் அழைப்பது எல்லாரும் கண்ட வழக்கந்தானே. ஒரு கட்டுத் துண்டும் ஒரு பேனையும் இருந்தால், அரியாலையிலிருந்து வருபவர் அந்த வாங்கிலே மற்றவர்களோடு மற்றவராக இருந்து, தம் முறை வரும்போது எழுந்து உள்ளே போகலாம்.